நண்டு நடத்திய பந்தயம்

சனிக்கிழமை காலையில் அம்மாவின் லேப்டாப் மக்கர் செய்தது. 'இடம் இல்லை' என்று திரையில் ஒரே ஒரு வரி. இனி ஒரு நிமிட வீடியோவைக்கூட வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்தது.

அம்மா சைகைமொழி ஆசிரியை. காது கேளாத குழந்தைகளுக்காக வாரம் ஒரு பாடத்தை வீட்டிலேயே படம்பிடித்து, திங்கட்கிழமை பள்ளிக்கு அனுப்புவாள்.

"பழைய பாடத்தை எல்லாம் அழிச்சிட வேண்டியதுதான்," என்றார் அப்பா.

"'பசிக்குது', 'வலிக்குது'ன்னு சொல்லிக்குடுக்கிற பாடம்ப்பா அது. புதுசா வர்ற பிள்ளைங்க அதைத்தானே முதல்ல பாப்பாங்க?" என்றாள் நண்டு. பத்து வயதுப் பெண். ஓரிடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் வீட்டில் அந்தப் பெயர்.

"அப்ப புது லேப்டாப்தான் வாங்கணும்," என்று அம்மா பெருமூச்சு விட்டாள்.

"லேப்டாப் நல்லாத்தானேம்மா ஓடுது? இடம்தானே இல்ல? மாடி மாமா வெளியில செருகுற எஸ்.எஸ்.டி. டிரைவ் வெச்சிருக்காரே, அது மாதிரி வாங்கலாம்."

அப்பா சிரித்தார். "தீப்பெட்டி அளவுதான் இருக்கு அது. யானைப் பசிக்குச் சோளப்பொரியா? என்னோட பழைய ஹார்டு டிஸ்க் சும்மாதானே கிடக்கு, அது போதாதா?"

"போதுமான்னு பாத்துடலாம்ப்பா," என்று நண்டு மாடிக்கு ஓடினாள்.

மாடி மாமா புகைப்படக்காரர். "ஒரு மணி நேரம்தான். உள்ள ஒரு கல்யாணமே இருக்கு, பத்திரம்," என்று டிரைவை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

சாப்பாட்டு மேசையில் பந்தயம் தொடங்கியது. இரண்டிலும் ஏற்றப்போவது ஒரே பாடம். முதலில் ஹார்டு டிஸ்க். கிர்ரென்று சுற்றியது. அப்பா கைவிரல் நகங்களை வெட்டி முடித்து, கால்விரலுக்கு வந்தபிறகுதான் பாடம் முழுதாக ஏறியது. அடுத்து டிரைவ். சத்தமே இல்லை. அப்பா நகவெட்டியை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அம்மா அதிலிருந்தே பாடத்தைத் திறந்து வெட்டி ஒட்டிப் பார்த்தாள். எங்கும் தடங்கல் இல்லை.

"ஏதோ ஏமாத்து வேலை இருக்கு," என்று அப்பா டிரைவைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தார். கை வழுக்கியது. 'டக்' என்று அது தரையில் விழுந்தது.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள்.

"போச்சு. ஒரு கல்யாணமே போச்சு," என்று அப்பா முணுமுணுத்தார்.

நண்டு அதை எடுத்து மறுபடி செருகினாள். திரையில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒன்றுமே நடக்காததுபோலச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பாடா. ஒரு கீறல்கூட இல்ல. மாமாகிட்ட சொல்லாதே," என்றார் அப்பா.

"அவரோட பொருளாச்சேப்பா. சொல்லித்தான் ஆகணும்," என்று நண்டு படியேறினாள்.

பாதிப் படியில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. "இரு, கீழே போட்டவன் நான்தானே," என்று அப்பாவும் வந்தார்.

மாமா கோபப்படவில்லை. "நானே நாலு தடவை படிக்கட்டுல உருட்டியிருக்கேன். உள்ள சுத்துற சாமான் எதுவும் இல்ல, அதான் தாங்குது. ஹார்டு டிஸ்க்கா இருந்தா கதை வேற."

"அப்ப இது கெட்டே போகாதா மாமா?"

"ஏன் போகாது? தொலைஞ்சும் போகலாம். அதனாலதான் அந்தக் கல்யாணம் இன்னொரு இடத்துலயும் இருக்கு. இல்லேன்னா உன் கையில குடுப்பேனா?"

வழக்கத்துக்கு மாறாக நண்டு மெதுவாகப் படியிறங்கினாள். வீட்டு வாசலில் நின்றாள்.

"அம்மா வேலை செய்ய ஒரு டிரைவ் வாங்கலாம்ப்பா. உங்க ஹார்டு டிஸ்க்கும் வேணும். மெதுவாப் போனாலும், நகல் எடுத்து வைக்க அது போதுமே."

"பழசுக்கும் மரியாதை குடுத்துட்டியே," என்று அப்பா அந்த வெயிலிலேயே கடைக்குக் கிளம்பினார்.

திங்கட்கிழமை மழையைப் பற்றிய பாடம் பள்ளிக்குப் போனது. வெள்ளிக்கிழமை அங்கிருந்து ஒரு வீடியோ வந்தது. எட்டுக் குழந்தைகள் விரல்களால் மழை பெய்வித்தார்கள். கடைசிப் பையன் இடி இடிப்பதுபோல் காட்டப்போய் நாற்காலியோடு சாய்ந்தான். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இதை எதுல வெக்கட்டும்?" என்று கேட்டாள்.

"ரெண்டுலயும் வெச்சிடும்மா," என்றாள் நண்டு.