முதுகுப் பக்கத்து நாற்காலி

"நானா? நான் எங்கடி வந்தேன்? மூணு நாளா காய்ச்சல்ல சுருண்டு கிடக்கேன்."

"விளையாடாதே பட்டன். நேத்து சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து தைச்சுட்டு, ஒரு வார்த்தை பேசாம போனியே. உன் வாய் இவ்வளவு நேரம் சும்மா இருக்குமான்னு எனக்கே அதிசயமா இருந்துச்சு."

"சும்மா இருந்தப்பவே தெரிஞ்சிருக்க வேண்டாமா, அது நான் இல்லைன்னு!" போனில் சிரித்தாள் பட்டன், தையல் யூனிட்டில் பட்டன் தைத்துத் தைத்தே அந்தப் பெயர் வாங்கியவள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

கட்டிலில் படுத்திருந்தவளும் சிரித்தாள், வயிறு குலுங்காமல், உதட்டளவில். எட்டாம் மாதம். போன மாதம் ரத்தம் பட்டதிலிருந்து இடது பக்கமாகவே படுத்திருக்கிறாள். பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் எழக் கூடாது, புரளவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. இது நிற்க வேண்டும். அதனால் அவளுக்கு உலகம் என்பது முகத்துக்கு நேரே இருந்த சுவர்தான்.

அந்தச் சுவரையும் அவளோடு வேலை செய்யும் தையல் யூனிட்காரிகள் போன ஞாயிற்றுக்கிழமை திருவிழா ஆக்கியிருந்தார்கள். எழுந்து வர முடியாதவளுக்குக் கட்டிலைச் சுற்றியே கொண்டாட்டம். பலூன்கள், கேக், ஆளுக்கொன்றாகத் தைத்து வந்து கொடியில் வரிசையாகத் தொங்கவிட்ட உள்ளங்கை அளவுச் சட்டைகள். "இவ வீட்டுக்காரர் பஸ் ஓட்டப் போயிட்டா இவ தனியா இருக்கக் கூடாது, தினம் ஒருத்தி வந்து பக்கத்துல இருக்கணும்" என்று சூப்பர்வைசர் அக்கா உத்தரவு போட்டாள். "சத்தமில்லாம வரணும், தூங்கினா எழுப்பக் கூடாது. இவளைப் பேசிப் பேசிக் களைப்பாக்குறவளுக்கு ஒரு வாரம் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்குற வேலைதான்!"

அதனால்தான் மூன்று நாட்களாக முதுகுக்குப் பின்னால் நாற்காலி முனகியபோதெல்லாம் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. துணியில் ஊசி இறங்கும் சத்தம், நூல் நீளமாக இழுபடும் சத்தம், ஈரத்துணியை மூடி வைத்தது போன்ற லேசான வாடை. யூனிட்டில் கையால் தைப்பவள் பட்டன் ஒருத்திதான். வேறு யாராக இருக்கும்? அந்த நேரங்களில் மட்டும் வயிற்றுக்குள் உதைப்பது நின்றுவிடும். "அத்தையைக் கண்டா அவ்வளவு பயமா?" என்று வயிற்றைத் தடவிச் சிரித்திருக்கிறாள்.

"அப்ப அக்காதான் வந்திருப்பாங்க" என்றாள்.

"அக்கா நேத்து எனக்கு போன் பண்ணி, அவ எப்படி இருக்கான்னு கேட்டாங்க. நான் காய்ச்சல்ல என்னத்தையோ உளறி வச்சேன். இந்த மூணு நாளும் என் முறைன்னு எல்லாரும் நான் வர்றதாவே நினைச்சிருக்காங்க. மன்னிச்சுடுடி." பட்டன் நிறுத்தினாள். மறுபடி பேசியபோது குரலில் விளையாட்டு இல்லை. "இரு. உன் வீட்டுக்காரர் வெளியில பூட்டிட்டுத்தானே போவாரு? இன்னொரு சாவி என் பையிலதானே இருக்கு?"

அவள் முதுகுப் பக்கம் காதைத் தீட்டினாள்.

மதியத்திலிருந்து பின்னால் கேட்டுக்கொண்டிருந்த தையல், போன் வந்ததும் பேச்சைக் கேட்பதற்காக நின்றது போல நின்றிருந்தது; பட்டன்தான் வெளியே போய்க் கூப்பிட்டு விளையாடுகிறாள் என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது மறுபடி தொடங்கியது.

"ஏய், லைன்ல இருக்கியா? யாரு அங்க? நான் இப்பவே வரேன். எழுந்திரிச்சுடாதே, புரண்டுடாதே!"

போன் அடங்கியது. பின்பக்க ஜன்னல் வழியாக வந்த மாலை வெயில் அறையில் இருந்ததையெல்லாம் எடுத்துச் சுவரில் போட்டிருந்தது, அவளுடைய தோளின் மேட்டை, தண்ணீர்ச் செம்பை, தொங்கிக்கொண்டிருந்த பலூன் நூல்களை, நாற்காலியின் முதுகையும் கைகளையும் நான்கு கால்களையும். இத்தனை நாள் அந்த நிழலைப் பார்த்துக்கொண்டேதான் படுத்திருந்தாள். சரியாகப் பார்த்தது இப்போதுதான்.

நாற்காலி காலியாக இருந்தது.

அதற்கு மேலே ஒரு நூலின் நிழல் ஏறியது. இறங்கியது. ஏறியது.

புரண்டால் பார்த்துவிடலாம். புரண்டால் குழந்தை போய்விடலாம். போர்வையைப் பல்லில் கடித்துக்கொண்டு சுவரையே பார்த்தாள். கொடியில் சட்டைகள் ஆடின. காற்று இல்லை.

தையல் நின்றது.

நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் சத்தம். காதுக்கு மிக அருகில்.

ஏதோ ஒன்று அவள் இடுப்பின் மேல் வைக்கப்பட்டது. மெல்லியது. ஈரமானது. அவள் கை தானாகவே அதைத் தேடிப் போனது. பத்து வருடம் துணி வெட்டிய விரல்கள். தொட்டதும் தெரிந்தது. சின்னச் சட்டை. இரண்டு கைகள். அழகான, நெருக்கமான தையல்.

கழுத்தைத் தேடினாள். சுற்றிலும் தடவினாள்.

கழுத்து இல்லை. கீழேயும் திறப்பு இல்லை. நாலா பக்கமும் தைத்து மூடியிருந்தது.

ஈர விரல்கள் அவள் வயிற்றின் மேல் விரிந்தன, துணியை அளப்பது போல, சாண் சாணாக. மதியத்திலிருந்து அசையாமல் கிடந்த குழந்தை உள்ளே மெல்லத் திரும்பியது. விலகிப் போகவில்லை. அந்தக் கை இருந்த பக்கமாக வந்தது.

"ஒரே ஒரு தடவை குடும்மா" என்றது பின்னாலிருந்த குரல், அவ்வளவு பிரியமாக. "அளவு பார்த்துட்டுத் தந்துடறேன்."