மழை நனைக்காத இரும்பு

மழை விட்டும் பல்கலைக்கழக வளாகத்து மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. நூலகத்துக்கு எதிரே நின்ற இரும்புச் சிற்பம் மட்டும் காய்ந்திருந்தது. வளைந்த இரண்டு பெரிய தகடுகள், நடுவே ஓர் ஆள் நுழையும் சந்து. அது என்ன உருவம் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து உருக்காலை ஒன்றின் அன்பளிப்பு என்றார்கள்.

நூலகத்தில் பகலெல்லாம் புத்தகம் அடுக்கிய ஏஞ்சலின், ஆரம்பாக்கம் பஸ்ஸுக்காக அதனருகே நின்றிருந்தாள். கால் கடுத்தது. வீட்டுக்குப் போய்த் தன் ஒருத்திக்காகச் சமைப்பதை நினைத்தாலே அலுப்பாக இருந்தது. கணவன் பாக்கியராஜ் போன வருடம் தான் வேலை பார்த்த உருக்காலையில் கால் தவறி உலைக்குள் விழுந்தான். சவப்பெட்டியில் வைத்துக் கொடுத்தது ஆறிப்போன ஓர் இரும்புக் கட்டியைத்தான்.

தகட்டில் சாய்ந்தாள். தூங்குகிற ஆளின் முதுகு போல வெதுவெதுப்பாக இருந்தது.

"அக்கா, அது மேல சாயாதே." தோட்ட வேலை பார்க்கும் லோகு ஓடி வந்தான். "கொஞ்ச நாளா சூடு ஏறிக்கினே இருக்குது. நாய்ங்ககூட கிட்ட வர்ல."

"எங்கேர்ந்து வந்த இரும்பு லோகு?"

அவன் தலை குனிந்துகொண்டான். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். மாமா உழுந்தாரே... அந்த உலையோட இரும்புதான்க்கா. அதுல முன்னாடி உழுந்தவங்களும் இருக்காங்கன்னு யாரும் வாங்கல. இங்க குட்த்துட்டாங்க."

அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

"வாக்கா, பஸ்ஸு வந்துடும்."

"நீ போ. நான் வரேன்."

அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். ஈர மண் வாசனையும் தூரத்துப் புகைபோக்கிகளின் கந்தக நெடியும் கலந்து மூக்கில் ஏற, நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் மெல்ல அடங்க, வாசலில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்புவதைக் கேட்டபடியே அவள் சந்துக்குள் நுழைந்து கன்னத்தைத் தகட்டில் வைத்தாள்.

"இன்னாய்யா, இங்கதான் இருக்கியா?"

உள்ளே ஏதோ இடித்தது. மெதுவாக. மறுபடி.

உள்ளங்கைக்குக் கீழே இரும்பு புடைத்தது. விரல்கள். அவள் இறுகப் பற்றினாள். அதுவும் பற்றியது.

பிடி பழக்கமில்லாததாக இருந்தது.

கையை இழுத்தாள். விடவில்லை. தோளில் இன்னொன்று. இடுப்பில். கணுக்காலில், மிகச் சிறியதாக ஒன்று.

"லோகு!"

சந்தின் வெளிச்சம் கோடாக மெலிந்தது.

கைகள். இரும்பு முழுக்கச் சூடான கைகள்.

ஒன்றுகூடப் பாக்கியராஜுடையது இல்லை.