பல்லில் கவ்விய மூடி

கமராக் கண்ணாடியின் மூடியைப் பல்லில் கவ்விக்கொண்டு படம் எடுப்பது என் பழக்கம். சட்டைப் பையில் போட்டால் தொலைந்துவிடும். "அப்பனைப் பார்த்துத்தான் பிள்ளையும் கண்டதையெல்லாம் வாயில வைக்குது" என்று என் மனைவி யசிந்தா ஏசுவாள். மகளுக்கு ஒன்பது மாதம். கீழ் ஈறில் முத்துப்போல ஒரு பல் இப்போதுதான் முளைத்திருந்தது.

மன்னார் நகரத்துப் பழைய கட்டட முகப்புகளை, இடிக்குமுன் படம் எடுத்துத் தரச் சொல்லி நகரசபையில் கேட்டிருந்தார்கள். பத்து மணி வெயிலில் கடைசிக் கட்டடத்துக்கு வந்தேன். எந்தக் காலத்திலோ ஒரு முத்து வியாபாரி சரக்கு வைத்திருந்த கிட்டங்கி. சுண்ணாம்பு பொருக்கு விட்டு, தூண்களில் காக எச்சம் வழிந்திருந்தது. எத்தனை பேர் இந்த வாசலால் போய் வந்திருப்பார்கள், ஒருவருடைய பெயர்கூட மிஞ்சவில்லையே என்று நினைத்தபடி கிட்டப் போனேன்.

நாற்றம் மிஞ்சியிருந்தது.

சீ! அழுகிய சிப்பிச் சதை. மூக்கைப் பொத்தினாலும் நாக்கில் வந்து படிந்தது. வருடக்கணக்காய்ப் பூட்டிக் கிடக்கிற கட்டடத்தில் இந்தக் கண்றாவி எங்கிருந்து வருகிறது? மூடியைக் கவ்வியபடியே ஏழு படம் எடுத்தேன்.

ஏழாவது படம் எடுக்கும்போது என் கீழுதடு தானாக இறங்கியது. மூடி விழுந்தது.

வாய்க்குள் இரண்டு விரல்.

குளிர்ந்து, வழுவழுத்து, ஒவ்வொரு பல்லாகத் தடவி, நாக்கைத் தூக்கி அடியில் துழாவின.

மூடியைப் பொறுக்கிக்கொண்டு எதிர்த் தேத்தண்ணிக் கடைக்கு ஓடிச் சத்தி எடுத்தேன். கடைக்காரர் பெனடிக்ற் தண்ணீர் தந்தார்.

"அங்க நிண்டு வாயில என்னத்தையும் வைச்சனீங்களோ, தம்பி?"

"கமரா மூடி, அண்ணை."

"ஐயோ! அது முத்துக் கழுவின முற்றம். சிப்பியைக் குவிச்சு, புழுத்து அழுகினாப் பிறகுதான் கழுவுறது. கழுவுற ஆக்கள் கையை வாய்க்குக் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால், முத்தை ஒளிச்சிட்டினமெண்டு கங்காணி விரலை விட்டுத் தோண்டுவான்."

"அது எந்தக் காலத்துக் கதை!"

"காலம் எங்களுக்குத்தான் போகுது. அவன் இன்னும் தேடுறான்." குரலைத் தாழ்த்தினார். "அந்த மூடியைக் கடல்ல எறிஞ்சுபோட்டுப் போங்கோ. வீட்டுக்கு வேண்டாம்."

புது மூடி. எறிய மனம் வரவில்லை. வீட்டில் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவிக் கமராப் பையில் வைத்துவிட்டு, கொம்பியூட்டரில் படங்களைப் பார்த்தேன்.

முதல் படத்தில் கதவு பூட்டியிருந்தது. மூன்றாவதில் திறந்திருந்தது. ஐந்தாவதில் வாசற்படியில் ஒருவன் நின்றான். ஏழாவதில் கட்டடமே தெரியவில்லை. ஊதிய இரண்டு விரல்கள். நகக்கண்ணில் வெள்ளைப் புழு.

"இஞ்சருங்கோ! பிள்ளையைப் பாருங்கோ!" யசிந்தா கத்தினாள்.

பாயில் இருந்த மகளின் மடியில், எச்சில் வழிய, அந்த மூடி கிடந்தது. கமராப் பை திறந்திருந்தது. யாரும் இல்லாத பக்கம் பார்த்து அவள் வாயைப் பிளந்திருந்தாள். அழக்கூட இல்லை.

அறை முழுக்கச் சிப்பி நாற்றம்.

அவளுடைய கீழுதடு தானாக இறங்கியது. முத்துப்போன்ற அந்த ஒற்றைப் பல் மெல்ல அசையத் தொடங்கியது.