ஆயிரத்து நூற்று நாற்பது அட்டைகள்

பிள்ளைப்பாக்கத்துச் செல்லம்மாள் தொழிற்சாலை ஆபீசுக்குள் நுழைந்தபோது மணி மூன்று. நிலம் எடுக்கப்பட்ட குடும்பத்துக்கு ஒரு வேலை; அந்தப் பட்டியல் ஐந்து மணிக்கு முடிகிறது. ஆறு மாதத்துக்கு முன் அவள் கொடுத்த மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் மகள் காந்திமதியின் பெயர் ஏறும். ஆனால் பத்திரத்துக்கு ஒன்றாகப் பெயர் எழுதி அடுக்கிய அட்டைகளில் அவள் பெயரும் இல்லை, நிலத்தை வாங்கிய அவள் புருஷன் சுப்பன் பெயரும் இல்லை.

டைப்பிஸ்ட் கிரேசிக்குத் திருடன் யாரென்று அப்போதே தெரிந்துவிட்டது. அட்டை எழுதும் லாசர் போன வாரம் புது சைக்கிள் வாங்கியிருந்தான். அதைப் பாண்டுரங்கனின் காதில் போட்டாள். பதிவு ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு இங்கே ரெக்கார்டு அறையைப் பார்த்துக்கொள்ள வந்தவர் அவர்; முதலில் சொன்ன விலைக்கு எதையும் வாங்காத ஆள்.

"சைக்கிள் எங்கயும் ஓடிடாதும்மா. மொதல்ல எண்ணு."

வரவுப் புத்தகத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது பத்திரம். அலமாரியிலும் அவ்வளவே, அட்டையும் அவ்வளவே. கைக்கு வந்த கிராக்கி நழுவிய மாதிரி கிரேசியின் முகம் தொங்கிற்று. பத்திரம் உள்ளேதான் இருக்கிறது. ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் படிக்க ஒரு வாரம் ஆகும்.

பாண்டுரங்கன் செல்லம்மாளை உட்காரவைத்து, பத்திரம் எழுதிய கதையைக் கேட்டார். ஐம்பத்தாறாம் வருஷம். ஒரகடம் ரோடு வெறும் வண்டித்தடம். வேர்க்கடலை போட்டு, மிச்சம் பிடித்த காசில் வாங்கிய நிலம். சொல்லச் சொல்ல அவள் குரல் இளமையாயிற்று.

"அவருக்கு ஜுரம் சாமி. பென்னலூர் ஜெபதாஸ் அண்ணந்தான் வாலாஜாபாத்துக்கு வண்டி கட்டிகினு போயி முத்திரைத்தாள் வாங்கியாந்தாரு. இன்னா மழை! தலைப்பாவுக்குள்ள வச்சி நனையாம கொண்ணாந்தாரு."

பாண்டுரங்கன் லாசரிடம் திரும்பி, அட்டைக்குப் பெயர் எங்கிருந்து எடுக்கிறான் என்று கேட்டார்.

"லெட்டர்னா அனுப்புனவரு பேரு மேலயே கீது சார். மேப்புனா கீழ் மூலையில. பத்திரமும் லெட்டர் மாதிரிதானே, மேல கீற பேரு."

"கிரேசி, ஜெபதாஸ்னு ஒரு அட்டை இருக்கும். எடு."

இருந்தது.

"முத்திரைத்தாள் விக்கிறவன் மேல எழுதுறது, தாள் வாங்க வந்த ஆளோட பேரு. நிலத்துக்காரன் பேரு உள்ளே கிடக்கும். முக்கால்வாசிப் பேரு தானே போய் வாங்குவான், ரெண்டும் ஒண்ணாயிடும். அதான் இத்தனை நாள் தப்பு தெரியலை."

நாலரைக்குக் காந்திமதியின் பெயர் ஏறியது. கிரேசி லாசருக்கு டீ வாங்கிக் கொடுத்தாள், காரணம் சொல்லவில்லை. பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் சுப்பனின் கைரேகை மேல் செல்லம்மாள் தன் கட்டைவிரலை வைத்தபடி இருந்தாள்.

லாசர் பழைய அட்டையைக் கிழிக்கப் போனான். பாண்டுரங்கன் தடுத்து, சுப்பன் பெயரில் இன்னொன்று எழுதச் சொன்னார்.

"அது இருக்கட்டும் சாமி," என்றாள் செல்லம்மாளும். "பாவம், ஜெபதாஸ் அண்ணன் சாவுற வரைக்கும் அடுத்தவன் நெலத்துலதான் வண்டிய அவுத்து வுட்டாரு. ஆறு மாசமா ஒன்னேமுக்கா ஏக்கரா அவரு பேர்ல இருந்துக்கீது."