யார் பகுதி சோம்பேறி?

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. மறுநாள் அங்கே கண்காட்சி. ஏழாம் தரத்துப் பிரேமினியும் கஜேந்திரனும் அதற்காகக் கணினியில் ஒரு ரயில் விளையாட்டு செய்திருந்தார்கள். கேள்விக்குச் சரியான விடை சொன்னால் ரயில் மலை ஏறும். ஏறும் என்று பேர்தான். அடுத்த கேள்வி வருவதற்குள் கொட்டாவி வந்துவிடும்.

"ஏதோ ஒரு பகுதி இழுத்தடிக்குது. எதுன்னு அளந்து பாத்துத் தூக்கிருவோம்," என்றான் கஜேந்திரன்.

நிரலின் ஒவ்வொரு பகுதியும் தொடங்கும்போதும் முடியும்போதும் கணினியே நேரத்தைக் குறித்துக்கொள்ளும்படி செய்தான். விளையாடிப் பார்க்க, இரண்டாம் தரத்தில் படிக்கும் தன் தம்பி கிஷாந்தை உட்கார வைத்தான்.

கணக்கு திரையில் வந்தது. பெயர் கேட்டு வரவேற்கும் பகுதிக்கு நாற்பது செக்கன். ரயில் ஓடும் பகுதிக்குப் பத்து.

"பாத்தியா? உன் பகுதிதான் சோம்பேறி. எடுத்துருவோம்."

விளையாட வரும் சின்னப்பிள்ளைகளைப் பெயர் சொல்லி வரவேற்க வேண்டும் என்று பிரேமினி ஆசை ஆசையாக எழுதிய பகுதி அது. ஆனால், அளந்து காட்டிய கணக்கோடு எப்படிச் சண்டை போடுவது?

"இன்னும் ஒரு தடவை ஓட்டு," என்றாள்.

இந்த முறை அவள் திரையைப் பார்க்கவில்லை. கிஷாந்தின் விரலைப் பார்த்தாள். அது விசைப்பலகை முழுவதும் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, 'ஷா' எங்க ஒளிஞ்சிருக்கு?"

பிரேமினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கஜேந்திரா, இவன் எழுத்தைத் தேடும்போது கணினி என்னா செய்யுது?"

"ஒன்னும் செய்யல. சும்மா காத்துக்கிட்டு இருக்கு."

"அப்ப இவன் தேடுற நேரத்தையும் என் தலையில கட்டிட்டியே!"

கஜேந்திரன் தலையைச் சொறிந்தான். பெயரை அடித்து முடித்த பிறகே நேரம் ஓடத் தொடங்கும்படி பிரேமினி மாற்றினாள். மறுபடி அளந்தார்கள். அவள் பகுதிக்கு ஒரு செக்கன்கூட ஆகவில்லை. ரயில் பகுதிக்கு அதே பத்து.

ரயில் பகுதியை, அவர்கள் பேச்சில் கோச்சியை, எழுதியவன் கஜேந்திரன். அவன் முகம் சுருங்கிப் போனது.

"அப்ப என் கோச்சியைத்தான் தூக்கணுமா?"

பதிலுக்குப் பதில் கொடுக்க நல்ல சமயம்தான். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு, பிரேமினி அவன் எழுதியதைப் பொறுமையாக வாசித்தாள். ரயில் கொஞ்சம் நகரும்போதெல்லாம் மலை, சுரங்கம், தேயிலைச் செடி அத்தனையும் முதலிலிருந்து வரையப்பட்டன.

"அட, ஒரு மலைத் தேயிலையைத் திரும்பத் திரும்ப நடுறியே! ஒரு தடவை வரைஞ்சா போதும். கோச்சி மட்டும் ஓடட்டும்."

மாற்றினார்கள். ரயில் பறந்தது. கிஷாந்த் நாற்காலியை விட்டு எழும்பவே மாட்டேன் என்றான்.

மறுநாள் வரிசையில் முதலாவதாக வந்தவள் முதலாம் தரத்து ஷாமிலா. நின்றபடியே, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தன் பெயரை அடித்தாள். கஜேந்திரன் அவளை அவசரப்படுத்தவில்லை.

திரையில் பெரிய எழுத்துகள் வந்தன: "வாங்க ஷாமிலா, உட்காருங்க!"

ஷாமிலா எழுத்துக்கூட்டி வாசித்தாள். பின்னால் டீச்சர் யாராவது நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, என்னையா வாங்கன்னு சொல்லுது?"

"உன்னையத்தான்," என்றாள் பிரேமினி.

ஷாமிலா சீருடையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். பெரிய மனுஷி போல நிமிர்ந்து உட்கார்ந்து, ரயிலை எடுத்தாள்.