கழித்தல் குறி இல்லாத சுரங்கம்

காலைச் சங்கு ஊதியதும் பனிச்சுரங்கத்து இயந்திரன்கள் கால் மிதியடியில் செம்மண்ணைத் துடைத்துவிட்டு வகுப்புக்குள் நுழைந்தன. முதலில் நிரம்பியது கடைசி பெஞ்சுதான். செவ்வாய்க் கிரகத்துக்கு வந்தும் இது மாறவில்லை. சார்ஜ் ஏற்றும் துளைகள் அங்கேதான் இருக்கின்றன என்பது அதிகாரபூர்வமான காரணம்.

ஆய்வு மாணவி பூங்கோதை வருகையெடுத்தாள். பாடத்திட்டம் தொடங்கிய புதிதில் எல்லாமும் ஒரே நொடியில், ஒரே குரலில் "உள்ளேன் மேடம்" என்று சொல்லும். இப்போது ஒவ்வொன்றாகச் சொல்லப் பழகிவிட்டன. சம்மட்டி என்ற இயந்திரன் அன்று வரவில்லை. அதற்குப் பதிலாக மண்வெட்டி குரலை மாற்றி "உள்ளேன் மேடம்" என்றது. பூங்கோதை கவனித்தாள், குறித்துக்கொள்ளவில்லை. களைப்பாக இருந்தது.

இந்தப் படிப்பு வந்த கதை இது. செந்நகருக்குக் குடிநீர் கொடுக்கும் பனிப்பாறையைத் தேடி ஒருமுறை இயந்திரன்கள் சுரங்கம் தோண்டின. எந்தப் பக்கம் திரும்புவது என்பதை ஓர் அணி சொல்லும். வரிசையும் நிரலுமாக எண்களை அடுக்கிய சிறு சதுரம். அதில் கழித்தல் குறி ஒன்றை நகர மன்றத்தில் யாரோ போட மறந்துவிட்டார்கள். இயந்திரன்கள் அந்த அணியைப் பிசகில்லாமல் பெருக்கி, பிசகில்லாமல் தோண்டி, மன்றத் தலைவரின் விருந்தினர் மாளிகைக் குளியலறையில் தலை நீட்டின. தலைவர் சோப்பு நுரையோடு இருந்தார்.

விசாரணைக் குழு ஒரு முடிவுக்கு வந்தது: இயந்திரன்களுக்குக் கணக்குத் தெரிகிறது, சிந்திக்கத் தெரியவில்லை. எனவே அவற்றுக்கு, அணிகளைக் கையாளும் நேரியல் இயற்கணிதத்தின் வழியாகக் கணிமைச் சிந்தனை புகட்ட வேண்டும். குறியை மறந்தவரைக் குழுவின் தலைவராகப் போட்டார்கள். பல்கலைக்கழகத்தில் ஒரு திட்டம் பிறந்தது. திட்டத்துக்குப் பேராசிரியர் ஆராவமுதன் பிறந்தார். அவருக்கு ஆய்வு மாணவியாகப் பூங்கோதை பூமியிலிருந்து கப்பலேறி வந்தாள்.

அந்தப் பழைய அணியைத் திருத்தினார்களா என்று கேட்கக் கூடாது. அது சுரங்கப் பிரிவின் வேலை. இது கல்வியியல் துறை. இரண்டும் வேறு வேறு கட்டடம்.

தேர்வில் கடைசிக் கேள்வி அந்த அணியேதான். "இதில் உள்ள பிழையைக் காண்க." கண்டுபிடிக்கும் இயந்திரன் தேர்ச்சி. பாதி வகுப்பாவது தேர்ச்சி பெற்றால்தான் பூங்கோதையின் ஆய்வேடு நிற்கும், பட்டம் வரும், அவளும் ஊர் திரும்பலாம். அவளோடு வந்தவர்களின் குழந்தைகள் இப்போது பள்ளிக்குப் போகின்றன. அவள் இன்னமும் "இறுதி ஆண்டு" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த முறையும் முடிவு வந்தது. அத்தனையும் ஃபெயில்.

"கடப்பாரை, நீ மட்டும் இரு. மத்தவங்க போகலாம்" என்றாள். கடப்பாரை வகுப்பிலேயே மூத்த இயந்திரன். சுரங்கத் தொழிலாளிகள் வைத்த பெயர், அவர்கள் கற்றுக்கொடுத்த பேச்சு.

"மூணாவது வரிசைல என்ன தப்பு?"

"தெரியல மேடம்."

"பொய் சொல்றே."

அதன் கண்விளக்கு சுவர்ப் பக்கம் திரும்பியது. "கழித்தல் குறி விட்டுப்போச்சு. தோண்டின அன்னிக்கே தெரியும் மேடம்."

"தெரிஞ்சா ஏன் தோண்டினீங்க?"

"சொல்லித்தான் பார்த்தோம். 'தோண்டுறது உன் வேலை, குறி போடுறது எங்க வேலை'ன்னாங்க. சரின்னு தோண்டினோம்."

"தேர்வுல எழுதியிருக்கலாமே, பாவி?"

"போன பேட்ச்ல துரப்பணம்னு ஒருத்தன் எழுதினானே, ஞாபகம் இருக்கா? பொன்னாடை போத்தி போட்டோ எடுத்தீங்க. 'சிந்திக்கத் தெரிஞ்சவன்'னு அன்னிக்கு சாயங்காலமே சுரங்கத்து அடிமட்டத்துக்கு இறக்கிட்டாங்க. மூட்டுல தூசி ஏறி இடது கை ஆடாம கெடக்கான். பாவம், புரிஞ்சு படிச்சிட்டான்." கடப்பாரை குரலைத் தணித்தது. "இங்க ஏசி இருக்கு, சார்ஜ் இருக்கு. ஃபெயிலானா அடுத்த வருசமும் இருக்கு. நீங்களும் அப்படித்தானே மேடம் இருக்கீங்க?"

பூங்கோதை நாற்காலியில் உட்கார்ந்தாள். சிக்கலைத் துண்டு துண்டாக்கு, வேண்டாததைத் தள்ளு, திரும்பத் திரும்ப வருவதைக் கவனி, அதற்கொரு வழிமுறை வகு. கணிமைச் சிந்தனை என்று அவள் கரும்பலகையில் எழுதிப் போட்ட நான்கையும் இவை செய்து முடித்திருந்தன. எந்த ஆய்விதழிலும் இப்படியொரு வெற்றி வந்ததில்லை. வெற்றிக்கு ஒரே சான்று, எல்லாரும் ஃபெயில்.

ஆராவமுதன் அறையில் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். செவ்வாயின் ஈர்ப்பில் துகள்கள் நிதானமாக விழுந்தன. அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"வாம்மா, உக்காரு. வீட்ல ஆக்சிஜன் வடிகட்டி மாத்தணும்னேனே, மாத்திட்டியா?"

"மாத்திட்டேன் சார். இதை எழுதலாமா?"

"எழுதினா?"

"திட்டம் வெற்றி சார். முடிஞ்சிடும்."

"முடிஞ்சிட்டா நான் எங்கம்மா போறது? பூமில என் துறையையே மூடிட்டான்."

"முடிக்கத்தானே சார் ஆரம்பிச்சோம்?"

அவர் அவளைப் பரிவோடு பார்த்தார். சின்னக் குழந்தை ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதுபோல. "இத்தனை வருஷம் எங்கிட்ட இருந்து இதையா கத்துக்கிட்ட? 'குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மாதிரிகளின் எண்ணிக்கை போதாது. மேலும் ஆய்வு தேவை.' எழுதிக் குடு. கையெழுத்துப் போடறேன்."

வேறெதற்கும் அவர் கையெழுத்துப் போடமாட்டார். அவள் எழுதிக் கொடுத்தாள்.

மன்றம் அறிக்கையைப் படித்தது. படித்தது என்றால் கடைசி வரியை. மாதிரிகள் போதவில்லையா? சுரங்கத்தில் இருக்கும் எல்லா இயந்திரன்களையும் வகுப்புக்கு அனுப்பு! துரப்பணம்கூட ஆடாத கையோடு வந்து கடைசி பெஞ்சில் இடம் பிடித்தது. பேராசிரியருக்கு நீட்டிப்பு வந்தது.

பனியை யார் தோண்டுவது? ஊர் தண்ணீர் குடித்தாக வேண்டுமே. செந்நகரில் குறிப்பிட்ட வேலை எதுவும் இல்லாதவர்கள் யார் என்று கணினி தேடியது. ஆய்வு மாணவர்கள் என்று பதில் வந்தது.

இப்படியாகப் பூங்கோதை தலையில் விளக்கும் கையில் துளைப்பானுமாகச் சுரங்கத்தில் இறங்கினாள். மணிக்கட்டுத் திரையில் திசை காட்டும் அணி வந்தது. மூன்றாவது வரிசை. அதே இடம். குறி இல்லை.

"அண்ணே, இதுல ஒரு மைனஸ் விட்டுப்போயிருக்கு" என்றாள் மேஸ்திரியிடம்.

"இருக்கட்டும்மா. குறி போடுறது மேல இருக்கிறவங்க வேலை. நாம தோண்டுவோம்."

மேலே எழுதிப் போடலாம் என்று நினைத்தாள். எழுதினால் விளக்கம் கேட்பார்கள். முன்பே தெரியுமா என்பார்கள். தெரிந்தும் ஏன் "மேலும் ஆய்வு தேவை" என்றாய் என்பார்கள். ஆய்வேடு போகும், அறை போகும், மூச்சுவிடுகிற காற்றும் போகும். சிக்கலைத் துண்டாக்கினாள். வேண்டாததைத் தள்ளினாள். மிஞ்சிய வழிமுறையில் ஒரே ஒரு படிதான் இருந்தது.

தோண்டினாள்.

ஓடு பெயர்ந்து விழுந்தது. வெளிச்சத்தில் கண் கூசியது. மன்றத் தலைவர் இந்த முறையும் சோப்பு நுரையோடுதான் இருந்தார்.

"தப்புன்னு உனக்குத் தோணவே இல்லையா?" என்று அலறினார் துண்டைத் தேடியபடி.

"தெரியல சார்" என்றாள் பூங்கோதை. அவளுடைய தலைவிளக்கு சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

விசாரணைக் குழு கூடியது. குழுவின் தலைவர், குறியை மறந்த அதே பழையவரே. ஆய்வு மாணவர்களுக்குக் கணக்குத் தெரிகிறது, சிந்திக்கத் தெரியவில்லை என்று முடிவானது. பாடம் எடுக்கப் பேராசிரியருக்கு நேரமில்லை. ஆகவே அந்தப் பாடத்தில் எல்லாரையும்விட அதிக ஆண்டுகள் செலவிட்டவரைத் தேடிப் பிடித்து நியமித்தார்கள்.

மறுநாள் சங்கு ஊதியதும் ஆய்வு மாணவர்கள் செம்மண்ணைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். கடைசி பெஞ்சு முதலில் நிரம்பியது. அவர்களுக்குச் சார்ஜ் ஏற்றத் தேவையில்லை என்றாலும். கடப்பாரை மேசைக்குப் பின்னால் நின்று வருகையெடுத்தது.

"பூங்கோதை?"

"உள்ளேன் சார்."

பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அந்தப் பெயரும் கூப்பிடப்பட்டது. பூங்கோதை குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டாள்.

கடப்பாரை கவனித்தது. குறித்துக்கொள்ளவில்லை.