ஈரத் தடம்

சக்கரம் கண்டுபிடிக்கப்பட்ட நாள்முதல் மனித குலம் எத்தனையோ வீழ்ச்சிகளைக் கண்டிருக்கிறது. அவற்றுள் ஆகப் பெரியது, சைக்கிளை விட்டு இறங்கி அதைத் தள்ளிக்கொண்டு போவது.

இது நம் நாயகனின் கொள்கை. விளையாட்டுக்குச் சொல்பவன் அல்ல அவன். அலுவலகச் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கிறான். கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லியிருக்கிறான். பல் டாக்டர் கருவியை மாற்ற எடுத்துக்கொண்ட இடைவெளியில்கூடச் சொல்லியிருக்கிறான்.

காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. அடிபட்ட கார்களையும் சாலையில் பதிந்த டயர் தடங்களையும் பார்த்து, தப்பு யார் மேல் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் எல்லோருக்கும் அவன் ‘சர்வேயர்’. வாரம் முழுக்க அடுத்தவர் தப்பை அளந்த களைப்புத் தீர, ஞாயிறு காலையில் கனத்த டயர் போட்ட மலைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு நகரத்தின் விளிம்பில் இருக்கும் குன்றுக்குப் போய்விடுவான்.

குன்று என்றதும் அருவி, மேகம் என்று போய்விட வேண்டாம். ஒரு பக்கம் குடிநீர்த் தொட்டி, மறு பக்கம் புறவழிச் சாலையின் இரைச்சல், உச்சியில் செல்போன் கோபுரம். நடுவில் ஒரே ஒரு சைக்கிள் போகிற அகலத்தில் செம்மண் தடம், பாம்பு சோம்பல் முறித்தாற்போல வளைந்து வளைந்து இறங்கும். அதில் செங்குத்தான பகுதிக்கு ‘முதுகெலும்பு’ என்று பெயர். அங்கே பயந்து இறங்கித் தள்ளுகிறவர்களைக் கண்டால் சர்வேயர் மரியாதையாக ஒதுங்கி நிற்பான்.

“வழி விடுங்கப்பா... தள்ளு கோஷ்டி வருது.”

அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதுகெலும்பில் பறந்து வருகிறான்... வளைவில் ஒரு பெண். குனிந்து, மண்வெட்டியால் தடத்தின் குறுக்கே எதையோ வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

“ஓரம்... ஓரம்... ஓரம்!”

அவள் நகரவில்லை. வாழ்நாளில் பிரேக்கைத் தொட்டதில்லை என்று சொல்லித் திரிந்தவன் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தான். சைக்கிள் நின்றது. அவன் நிற்கவில்லை. முள்செடி வரவேற்றது.

“காது கேக்கலையா உங்களுக்கு?”

“எனக்கு நல்லாவே கேக்கும். எங்கப்பாவுக்குத்தான் கேக்காது.”

“அப்புறம் ஏன் நகரல?”

“ஏறி வர்றவங்களுக்கும் வேலை செய்யறவங்களுக்கும்தான் வழி. இறங்கி வர்றவர்தான் நிக்கணும். கீழ பலகையில எழுதியிருக்கு.”

“பலகையெல்லாம் யாருங்க படிக்கிறாங்க?”

“செடிக்குள்ள விழுந்தவங்க எந்திரிச்சதும் படிப்பாங்க.”

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். கயல்விழி என்றெல்லாம் எழுதினால் பொய்யாகும். சாதாரணக் கண்கள்தான், ஒன்றின் கீழே மண் வேறு அப்பியிருந்தது. ஆனால் அந்தப் பார்வை... அவன் பேசி முடிக்கும்வரை அவன் முகத்தை விட்டு அசையவில்லை. இதுவரை அவன் பேச்சை முழுதாகக் கேட்ட முதல் மனித ஜீவன் அவள்தான். நெஞ்சுக்குள் ஏதோ சங்கிலி கழன்று வேறு பல்லில் ஏறிக்கொண்டது.

தடத்தைப் பராமரிக்கும் சிறு குழுவில் அவள் முக்கியமான ஆள். குழுவில் அவளுக்கு ‘மண்வெட்டி’ என்றே பட்டப்பெயர்.

“மழை பெஞ்சா மண்ணு காயற வரைக்கும் மேலயும் கீழயும் நுழைவுல கயிறு கட்டியிருப்போம். அப்ப மட்டும் வந்துடாதீங்க,” என்றாள்.

“ஏன், மண்ணுக்குச் சளி பிடிச்சிருமா?”

“ஈரத்துல டயர் அழுத்துனா பள்ளம் விழும். வெயில் அடிச்சா அது அப்படியே கல்லா இறுகிடும். அடுத்து வர்றவங்க முன்சக்கரம் அதுல மாட்டுனா கதை முடிஞ்சுது.”

“பாதி வழியில மழை வந்துட்டா?”

“இறங்கி, கல்லு இருக்கிற ஓரமா தள்ளிக்கிட்டுப் போகணும்.”

“தள்ளவா? நானா?” சர்வேயர் சிரித்த சிரிப்பில் செல்போன் கோபுரத்துக் காக்கைகள் கிளம்பின. “அதுக்கு நான் இந்தக் குன்றையே தூக்கிக்கிட்டுப் போயிடுவேன்.”

அடுத்தடுத்த ஞாயிறுகளில் முதுகெலும்பில் இறங்குவதைவிட, வளைவில் நின்று பேசுவது அதிகமாயிற்று. அவள் சைகைமொழி பெயர்ப்பாளர். காது கேளாதவர்களோடு ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் போவாள். டாக்டர் வாயால் சொல்வதை இவள் கையால் சொல்வாள். அவர்கள் கையால் கேட்பதை இவள் வாயால் கேட்பாள். படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கும் அப்பாவுக்கும் அவளுக்கும் நடுவே அந்தக் கைகள்தான் மொழி. அம்மா இல்லாத வீடு. அந்த வீட்டின் தாலாட்டு, திட்டு, செல்லம் எல்லாமே கைகளில்தான்.

எந்த ஞாயிற்றில் ‘நீங்க’ போய் ‘நீ’ வந்தது என்று இருவருக்கும் தெரியாது. வந்த பிறகு இருவரும் கவனிக்காததுபோல நடித்தார்கள்... அது மட்டும் தெரியும்.

ஒரு தடவை கடைக்கே போய் அப்பாவைப் பார்த்தான். அவர் இவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மகளிடம் விரல்களை ஆட்டினார்.

“என்ன சொல்றாரு?”

“நீ ரொம்பப் பேசறியாம்.”

“அவருக்குத்தான் கேக்காதே?”

“உதடு ஓயவே இல்லையாம். பார்த்துப் பார்த்து அவருக்குக் கண்ணு வலிக்குதாம்.”

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார், சத்தமில்லாமல்.

வெளியே வந்ததும் கேட்டான். “ஆமா... நான் பேசறப்ப எதுக்கு என் மூஞ்சியையே அப்படிப் பாக்கறே?”

“எங்க வீட்டுப் பழக்கம். பேசறவங்க முகத்தைப் பாக்கலேன்னா காதைப் பொத்திக்கிட்ட மாதிரி. என் மேல ரொம்பக் கோவம்னா அப்பா அடிக்க மாட்டாரு, திட்ட மாட்டாரு... மூஞ்சியைத் திருப்பிக்குவாரு. அதைவிடப் பெரிய தண்டனை எங்க வீட்ல கிடையாது.”

சர்வேயர் தலையாட்டினான். ஆனால் நம்பவில்லை. தடயங்களைப் பரிசீலித்து, இது காதல்தான் என்று முடிவெழுதிக் கோப்பை மூடிவிட்டான்.

அந்தச் சமயத்தில்தான் அது நடந்தது. முதுகெலும்பில் யார் எவ்வளவு வேகமாக இறங்கினார்கள் என்று காட்டும் செயலி ஒன்று உண்டு. அதில் முதலிடம் எப்போதும் இவனுக்கே. ஒரு நாள் காலை விழித்தால் இரண்டாமிடம்! ஊர் பேர் தெரியாத ஒருவன் மேலே உட்கார்ந்திருக்கிறான். ராஜ்ஜியத்தை இழந்த மன்னர்கள்கூட அன்று இவனைவிட நன்றாகச் சாப்பிட்டிருப்பார்கள்.

முந்தின இரவு நல்ல மழை. மேல் நுழைவில் கயிறு கட்டியிருந்தது. அவள் போடும் முடிச்சுதான். ஞாயிறுவரை பொறுக்கலாம். பொறுத்தால் சர்வேயர் ஏது? கயிற்றை அவிழ்த்துவிட்டு இறங்கினான்.

செம்மண் சேறு, பசைபோல டயரைப் பிடித்தது. வளைவில் சறுக்க, பிரேக்கை அழுத்தி அழுத்திப் பிடித்தான். பின்சக்கரம் தடத்தை உழுதுகொண்டே போனது. கீழே வந்து செயலியைப் பார்த்தான்... வழக்கத்தைவிட மோசமான நேரம். ஒரு புண்ணாக்குப் பயனும் இல்லை. மேலே போய்க் கயிற்றை அதே முடிச்சோடு கட்டினான். ஒருத்தரும் பார்க்கவில்லை.

அப்புறம் நாலைந்து நாள் சுள்ளென்று வெயில்.

கயிற்றை அவிழ்க்கும் நாளில் முதலில் அவள்தான் இறங்குவாள். தடம் சரியாக இருக்கிறதென்று தன் உடம்பால் உறுதிசெய்த பிறகே மற்றவர்களை விடுவாள். அது அவள் வேலைமுறை. அந்த ஞாயிறு அவன் அடிவாரத்தில் காத்திருந்தான். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வந்திருந்தான். ‘உன்னை எனக்கு...’ என்று ஆரம்பித்து எங்கேயும் நகைச்சுவை இல்லாமல் முடியும் ஒரே வாக்கியம். அவன் வாழ்க்கையில் அப்படி ஒரு வாக்கியம் அதுவே முதல்.

மேலே ஒரு சத்தம். இரும்பு கல்லில் மோதும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். வளைவில் அவள் உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டை இடது கையில் ஏந்தி, வேறு யாருடையதையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கல்லாய் இறுகிய பள்ளம். அதன் அடியில் டயரின் அச்சு, வார்த்தெடுத்த மாதிரி. ஒரே சீரான இடைவெளியில் ஒரு பல் மட்டும் பதியாமல் மழுங்கல். அவன் பின்டயரில் ஒரு பல் போன மாதம்தான் பாறையில் பிய்ந்திருந்தது. அலுவலக அறிக்கையாக இருந்திருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பான்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள காஞ்சிடும்னுதானே நினைச்சேன்...” அவள் உதடு வெளுத்திருந்தது. “இந்தப் பள்ளம் எப்படி வந்துச்சு?”

சொல்லியிருக்கலாம். ‘நான்தான்’ என்பது சின்னச் சொல். அவன் வாய் எத்தனையோ பெரிய சொற்களைச் சுமந்த வாய்.

“யாரோ... ஈரத்துல ஓட்டியிருக்கான்,” என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். எப்போதும் பார்ப்பதுபோலத்தான்... கொஞ்சம் கூடுதல் நேரம்.

ஆஸ்பத்திரியில் தகடு வைத்துக் கட்டுப் போட்டார்கள். சர்வேயர் தினமும் போனான்; பழம் உரித்தான், மருந்து வாங்கினான், ஆட்டோ பிடித்தான். அப்பாவிடம் அவள் இடது கையால் மட்டும் பேசினாள். பாதி வாக்கியம் காற்றில் தொங்கும். அவர் புருவத்தைச் சுருக்கி மீதியைத் தானே நிரப்பிக்கொள்வார். ஒரு நாள் அவர் இவனைக் காட்டி என்னவோ கேட்டார்.

அவள் கட்டிலைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். “டயர் தடத்தை வெச்சு ஆளைக் கண்டுபிடிக்கிறதுதானே உன் வேலை... இதைச் செஞ்சவனைக் கண்டுபிடிக்க முடியாதான்னு கேக்கறாரு.”

“அது... தடமெல்லாம் இந்நேரம் அழிஞ்சிருக்கும்னு சொல்லு.”

அவள் இடது கையால் அதை அப்படியே சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் சொந்தமாக எதையும் சேர்க்கக் கூடாது. அதுவும் அவள் வேலைமுறை.

கட்டுப் பிரித்த பிறகும் மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. இதற்குமேல் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோர்ட்டில் அவளுக்குப் பதில் வேறொருவரைப் போட்டார்கள். ஒரு சொல் குழறினாலும் அங்கே ஒருவரின் வாழ்க்கை குழறிவிடும் அல்லவா.

வானம் மூடியிருந்த ஒரு மாலை, குன்றைப் பார்க்க வேண்டும் என்றாள். அப்பா அடிவாரத்துப் பஸ் நிறுத்தத்தில் குடையோடு உட்கார்ந்துகொண்டார். அவள் நடந்து ஏறினாள்; இவன் பின்னால் சைக்கிளை மிதித்தே ஏறினான். கொள்கை, கொள்கைதானே.

உச்சியில் காற்று ஈரமாக இருந்தது. அவன் சைக்கிளில் உட்கார்ந்தபடியே, ஒரு காலை ஊன்றிக்கொண்டு ஆரம்பித்தான்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கே கீழ சொல்றதுக்காக நின்னேன். உன்னை எனக்கு... ரொம்பப் பிடிச்சிருக்கு. வாழ்க்கை முழுக்க...”

“தெரியும்.” அவள் அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். “அதுக்கு முன்னாடி சொல்ல வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு. அதுக்காகத்தான் இத்தனை நாளா உங்க முகத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

உங்க. அவன் கவனித்தான்.

“எல்லார் போட்ட பள்ளத்தையும் மூடறவ நான். யார் டயர்ல எந்தப் பல்லு இல்லேன்னு எனக்குத் தெரியாதா?”

முதல் துளி விழுந்தது.

“நான்தான்,” என்றான். “பயந்துட்டேன். நீ என்னை விட்டுப் போயிடுவியோன்னு...”

“பள்ளத்தை மன்னிச்சிருப்பேங்க. எத்தனை பேரை மன்னிச்சிருக்கேன்... அந்த ‘யாரோ’வைத்தான் முடியல.” அவள் வலது கையை உயர்த்திப் பார்த்தாள். “இன்னொண்ணும் சொல்லிடறேன். எனக்கும் உங்களைப் பிடிச்சிருந்துச்சு. அன்னிக்கு நான் அவசரமா இறங்குனதே, கீழ நீங்க நிக்கறீங்கன்னுதான்.”

காதல் கதைகளில் கேட்க ஏங்கும் சொல் அது. வந்துவிட்டது, இறந்தகாலத்தில்.

அவன் பேசினான். எவ்வளவோ பேசினான். கெஞ்சினான், தன்னையே திட்டிக்கொண்டான், வாயில் வந்த சத்தியமெல்லாம் செய்தான். அவள் முகத்தை மெல்லத் திருப்பிக்கொண்டாள். கோபுரத்தின் பக்கம்... அவன் உதடு தெரியாத பக்கம். அவன் பேசி ஓயும்வரை அப்படியே நின்றாள். பிறகு கற்கள் மேல் கால் வைத்து இறங்கிப் போனாள்.

மழை வலுத்தது. மேலிருந்து பார்த்தான். பஸ் நிறுத்தத்தில் அப்பா குடையை விரித்து எழுந்தார். அவள் அவரிடம் கைகளால் ஏதோ சொன்னாள். அவர் தலையைச் சாய்த்து, புரியவில்லை என்று சைகை காட்டினார். அவள் மறுபடி சொன்னாள். இன்னொரு தடவை. அப்புறம் கைகளைத் தொங்கவிட்டுவிட்டாள். அவர் அவளைக் குடைக்குள் இழுத்துக்கொண்டார்.

பஸ் வந்தது, போனது.

செம்மண் தடம் குழைய ஆரம்பித்திருந்தது. கீழே, முதுகெலும்பின் முடிவில், பாறை மறைவில் ஒதுங்கியிருந்த, அவனுக்குத் தெரிந்த தள்ளு கோஷ்டி ஒன்று, மேலேயிருந்து ஓர் உருவம் ஓரத்துக் கற்கள் மேல் அடி அடியாக வருவதைப் பார்த்தது.

“யாருப்பா அது... நம்ம சர்வேயரா? என்ன ஆச்சு, பங்சரா?”

“இல்ல,” என்றான்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர்களைக் கடந்து, தடத்தை மூட, கீழ் நுழைவில் கயிறு கிடந்த இடத்துக்குப் போனான்.